புளி தட்டும் கையும் பத்தொன்பது வருடக் கத்தியும்

மாசி பிறந்தால் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் புளி தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும். 100 கிலோ பழத்தை உடைத்தால் சதை ஏறக்குறைய 55 கிலோ, கொட்டை 34, மீதி ஓடும் நாரும். கூலி எடைக்கு என்பதால் கை ஓடும், வலியும் கூடவே ஓடி வரும்.

முதலில் பேசுவது இடுப்புதான். தரையில் சம்மணம் போட்டால் முட்டி இடுப்புக்கு மேலே நிற்கும், கீழ்முதுகு வில்லாக வளையும். நாலு விரல் உயர மணை ஒன்று போட்டால் வளைவு குறையும். ஆனால் தட்டுகிற கல் பழைய உயரத்திலேயே இருந்தால் இன்னும் குனிய வேண்டிவரும். பலர் மணையைப் போட்டுப் பார்த்து, வலி கூடிவிட்டது என்று தூக்கி எறிவது இதனால்தான். கல்லுக்கு அடியிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கால் மாற்றி நீட்ட வேண்டும்.

அடுத்தது முழங்கை. சுத்தியை இறுகப் பிடித்தால், அடிக்காத நேரத்திலும் முன்கைத் தசை ஓய்வதில்லை. ஒரு சாண் தூக்கி, விரலைத் தளர்த்தி, சுத்தியின் எடையே விழ விட வேண்டும். சீனத்துத் தாவோ மரபு ‘வூ வெய்’ என்று சொல்வது ஏறக்குறைய இதுதான். சும்மா இருப்பதல்ல, வலிந்து செய்யாமல் இருப்பது. அந்த மரபின் பழைய ஞானி சுவாங் சூ சொல்லும் கசாப்புக்காரர் 19 ஆண்டுகள் ஒரே கத்தியால் மாடு அறுத்தார். எலும்பை வெட்டாமல் மூட்டுகளின் இடைவெளியில் கத்தியை விட்டார், முனை மழுங்கவில்லை. முடிச்சான இடம் வந்தால் அவரும் நிதானித்தார். நம் முடிச்சு ஈரப்பழம். ஓடு மொறுமொறுப்பாக உடையாமல் சதையோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு அடிக்கு ஐந்து அடி ஆகும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட வெயிலில் திரும்பப் பரப்பிவிட்டு, காய்ந்த குவியலுக்கு மாறுவது கைக்கு நல்லது.

விரல் வெட்டில் புளி பட்டால் எரியும். அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் வேலை அது. காயத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணி சுற்றி, மேலே பழைய சைக்கிள் டியூபில் ஓர் அங்குலம் வெட்டி மாட்டலாம். இறுக்கமாக மாட்டக் கூடாது. நாள் முழுக்க விட்டால் வியர்வையில் தோல் ஊறிப் பிய்யும், அதனால் சாப்பாட்டு நேரத்தில் கழற்ற வேண்டும்.

உடம்பு இருப்பதால்தான் துன்பம் என்று தாவோ நூலிலும் உண்டு. அதைக் காட்டி, வலியைப் பொறுத்துக்கொண்டு மூட்டையை முடி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது முதலாளிக்குத் தோதான தாவோ. இரவு தூங்கி எழுந்ததும் போய்விடுகிற வலியோடு ஒத்துப்போகலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து, நடுராத்திரியில் கையை உதற எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மனவலி வேறு மாதிரி. கை ஒரே தாளத்தில் ஓடும்போது மனசு பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மனைவி இறந்தபோது சுவாங் சூ பானையைத் தட்டிப் பாடினார் என்பார்கள். முதலில் தானும் கலங்கியதாக அவரே சொல்வதை மட்டும் மறந்துவிடுவார்கள். ஒப்பாரி தெரிந்த நமக்கு அதில் வியப்பில்லை. ‘அழுவாதக்கா’ என்று வாயை அடைப்பதால் ஆவது ஒன்றுமில்லை. கண் கலங்கினால் அடி கொட்டையில் விழாமல் விரலில் விழும், ஆபத்து அங்கேதான். அப்படிப்பட்ட நாளில் கலங்குகிறவரிடம் சுத்தியைக் கொடுக்காமல் நார் உரிக்கிற வேலையைக் கொடுக்கலாம். பக்கத்தில் ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்தால் போதும். சுத்தியை அவரே கேட்கிறவரை நார்தான்.