நிழல் விழாத கல்: லண்டன் பட்டறைக் குறிப்புகள்

பிப்ரவரி 3, 2024

கல் வந்து சேர்ந்துவிட்டது. ஸ்பெயினின் அரகோன் பகுதியில் வெட்டியெடுத்த அலபாஸ்டர் என்ற ஒளி ஊடுருவும் மென்கல், சுமார் 25 கிலோ. மேலெல்லாம் மண் அப்பிய மங்கல் வெள்ளை. பேருந்து நிறுத்தத்தில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றியதும் முகம் மாறியது. ஈரம் பட்டால்தான் இந்தக் கல்லின் உண்மையான நிறம் தெரியும். விரிசல்களும் தெரியும், ஏனென்றால் சுற்றியுள்ள இடம் காய்ந்த பிறகும் விரிசலில் நீர்க்கோடு தங்கியிருக்கும். அடுத்து சுத்தியலின் பிடியால் தட்டிக் கேட்டேன். கணீரென்றால் கல் முழுசாக இருக்கிறது, தொப்பென்றால் உள்ளே எங்கோ பிளவு. ஓசையை வைத்துக் கல்லை ஆண், பெண், அலி என்று பிரிக்கும் நம் சிற்பிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடைசியாக அறையை இருட்டாக்கி, பின்பக்கம் கைவிளக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை முழுக்கத் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. நடுவே களிமண் நரம்பு ஒன்று குறுக்காக ஓடுகிறது. அதைத் தவிர்க்க முடியாது. எங்கே வரவேண்டும் என்பதைத்தான் நான் தீர்மானிக்கலாம்.

என்ன செதுக்கப்போகிறேன் என்று முடிவாகிவிட்டது. நுங்கு. குறுக்கே சீவிய பனங்காய், மூன்று கண்களோடு. நான் போகும் சிற்ப வகுப்பில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது என்பதே பாதி மகிழ்ச்சி.

பிப்ரவரி 11

மாமல்லபுரத்துப் பட்டறையில் ஆயுளைக் கழித்த பெரியப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். நகத்தால் கீறினாலே கோடு விழும் கல் என்று சொன்னதும் சிரித்தார். ஜிப்சம் வகைதானே, பத்து வரை போகும் கடினத்தன்மை அளவுகோலில் 2. அவர் கைக்குப் பழகிய கருங்கல்லோ 6, 7 என்ற கணக்கில் நிற்பது.

“அதைச் செதுக்க உளி எதற்கம்மா, கரண்டி போதுமே” என்றார். பிறகு அவரே தீவிரமானார். “வெளிச்சம் உள்ளே போய்விட்டால் நிழல் எங்கே விழும்? நிழல் இல்லாவிட்டால் மூக்கு எப்படி நிற்கும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இது கேலியில்லை. கருங்கல்லில் கால் அங்குலப் பள்ளமே ஒரு புருவத்தைக் காட்டிவிடும். அங்கே ஒளி பரப்பிலேயே நின்றுவிடுகிறது. பள்ளம் கறுக்கிறது, மேடு வெளுக்கிறது. அலபாஸ்டரிலோ ஒளி தோலுக்கடியில் நுழைந்து, நுண்ணிய படிகங்களுக்கிடையே சிதறி, பள்ளத்துக்குள்ளும் கசிந்து வெளியேறிவிடுகிறது. நுட்பமான வேலை அத்தனையும் பால் நிறத்தில் கரைந்துபோகும்.

பிப்ரவரி 24

லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள சர் ஜான் சோன் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. நிலவறையில் முதலாம் சேத்தி மன்னரின் கல்பேழை இருக்கிறது. பெல்சோனி என்ற இத்தாலியர் 1817இல் எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் கண்டெடுத்தது. பிரிட்டிஷ் மியூசியம் வேண்டாமென்றதும் 1824இல் சோன் என்ற கட்டடக் கலைஞர் 2,000 பவுண்டுக்கு வாங்கினார். மறு ஆண்டு மார்ச்சில் மூன்று மாலைகள் விருந்து வைத்து, விளக்குகளை ஏற்றி ஊருக்கே காட்டினார். ஒன்பது அடிக்கு மேல் நீளம், ஒரே கல், பக்கச் சுவரின் கனமோ சில அங்குலம்தான்.

இதையும் அலபாஸ்டர் என்றே சொல்கிறார்கள், ஆனால் இது என் கல் இல்லை என்பதையும் குறித்துவைக்கிறேன். எகிப்தியர் பயன்படுத்தியது கால்சைட், பளிங்கின் உறவுக்காரன். அதன் மேல் வினிகர் ஒரு சொட்டு விழுந்தால் நுரைக்கும், ஜிப்சத்தில் நுரைக்காது. அருங்காட்சியகத்தில் வினிகரோடு நிற்க முடியாதென்பது வேறு விஷயம்.

அங்கே அரை மணி நேரம் நின்றபோது பட்டது: பேழை முழுக்கச் செதுக்கிய எழுத்துகளுக்குள் அந்தக் காலத்தில் நீல வண்ணம் நிரப்பியிருந்தார்கள். செதுக்கிய கோடுகளை நிழல் காட்டாது என்று அந்தச் சிற்பிகளுக்குத் தெரிந்திருக்கிறது. துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த விளக்கு இன்னும் தந்திரமானது. கிண்ணத்துக்குள் கிண்ணம், உள்கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அரசனும் அரசியும் வரையப்பட்டிருக்கிறார்கள். விளக்கு எரிந்தால்தான் இருவரும் தெரிவார்கள்.

மார்ச் 2

தூசி. முகமூடி, கண்ணாடி, தலையில் துண்டு. அப்படியும் மூக்குக்குள் மாவு. கருங்கல் தூசியிலிருக்கும் சிலிக்கா நுரையீரலைத் தின்றுவிடும். ஜிப்சம் அந்த அளவுக்குக் கொடியதில்லை. பெரியப்பாவின் தலைமுறையில் யார் முகமூடி கட்டினார்கள்?

மார்ச் 16

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இங்கிலாந்தின் இடைக்கால அலபாஸ்டர் பலகைகள். 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை நாட்டிங்காம் வட்டாரத்தில் பெரிய தொழிலாக நடந்தது இது. ஸ்டாஃபோர்ட்ஷயரிலும் டார்பிஷயரிலும் தோண்டிய கல். பலிபீடத்துக்கான பலகைகள் பிரான்ஸ், ஸ்பெயின், ஐஸ்லாந்து வரை கப்பலேறின. 1550இல் தேவாலய உருவங்களை அழிக்கச் சட்டம் வந்தது, தொழில் படுத்தது. வெளிநாட்டுக்குப் போனவை தப்பின.

எல்லோரும் வியக்கும் அந்த ஒளி ஊடுருவும் குணத்தை இந்தச் சிற்பிகள் துளிகூட மதிக்கவில்லை. பச்சை, சிவப்பு, கறுப்பு, தங்கம் என்று பூசி மூடியிருக்கிறார்கள். இடுக்குகளில் வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. தரையைக் கரும்பச்சையாக்கி அதில் வெள்ளைப் புள்ளிப்பூக்கள். மென்மையாக இருக்கிறது, வேகமாக வெட்டலாம், வண்ணம் நன்றாகப் பிடிக்கிறது: அவர்களுக்குக் கல்லின் பெருமை அவ்வளவுதான். ஒளியை வழிபடுவதெல்லாம் வண்ணம் உதிர்ந்த பிறகு பிறந்த நம் ரசனை. இதை வகுப்பில் சொன்னேன். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை.

அதே கல் கிடைத்த ஃபால்ட் சுரங்கத்தின் ஒரு பகுதியை இரண்டாம் உலகப்போரில் வெடிகுண்டுக் கிடங்காக்கினார்கள். 1944 நவம்பர் 27 அன்று அது வெடித்தது. சுமார் 70 பேர் மாண்டார்கள். பள்ளம் இன்றும் இருக்கிறது.

மார்ச் 23

பெரியப்பாவின் கேள்விக்குப் பாதி விடை. நிழலால் வரைய முடியாவிட்டால் கனத்தால் வரையலாம். மெல்லிய இடம் ஒளிரும், தடித்த இடம் இருளும். அப்படியானால் முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் செதுக்குவது வீண். பின்பக்கத்தில் தோண்டுவதுதான் ஓவியம். நுங்குக்கு இது அப்படியே பொருந்துகிறது. மட்டை தடிப்பாகவே இருக்கட்டும், பத்து சென்டிமீட்டருக்கு மேல். மூன்று கண்களும் முன்னே லேசாகப் புடைத்து நிற்க, பின்னாலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை குடைந்துவிடுவேன்.

குடையும்போது உளியைச் செங்குத்தாக வைத்து அடிக்கவே கூடாது. அடி கல்லுக்குள் இறங்கி, படிகங்கள் நசுங்கி, வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். சாதாரணச் சிற்பத்தில் அதைத் தேய்த்து மறைக்கலாம். இங்கே விளக்கைக் காட்டினால் ஒவ்வொரு அடியும் சாட்சி சொல்லும். எனவே பல்லுளியைச் சாய்வாக ஓட்டி, கடைசி இரண்டு சென்டிமீட்டரை அரத்தால் மட்டும் எடுக்கிறேன். கனம் பார்க்க அளவுகோல்கூட அதிகம் தேவைப்படவில்லை. முன்னே விளக்கை வைத்துப் பின்னால் பார்த்தால் எங்கே மெலிந்திருக்கிறது என்று கல்லே காட்டிவிடுகிறது.

விளக்கும் எல்.இ.டி. தான். ஜிப்சத்தின் படிகத்துக்குள் நீர் கட்டுண்டிருக்கிறது. சூடேறினால் அது வெளியேறி, கல் சுண்ணாம்பு வெள்ளையாகக் குருடாகிவிடும். இத்தாலியின் வோல்டேரா ஊரில் இதையே வித்தையாக்கி, அலபாஸ்டரைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றிப் பளிங்கு மாதிரி ஆக்கி விற்றிருக்கிறார்கள். ஒளி புகும் கல்லைக் காசு கொடுத்து வாங்கி ஒளி புகாத கல்லாக்குவது! அங்கும் பளிங்கின் மேல்தான் மோகம்.

ஏப்ரல் 6

உப்புத்தாள். 120ஆம் எண்ணில் தொடங்கி 240, 400, 600, 1200; எண் ஏற ஏறத் தாள் நைசாகும். ஒவ்வொன்றும் முந்தையதன் கீறலை முழுதாக அழித்த பிறகே அடுத்தது. அலுப்பான வேலை, வானொலி கேட்டபடி செய்தேன். சொரசொரப்பான பரப்பு ஒளியை வாசலிலேயே சிதறடிக்கும். வழவழப்பானதும் அதே கல் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. ஈரமாகத் தேய்த்தாலும் ஊறப்போடக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் ஜிப்சம் கரையும். வெளியே மழையில் வைக்கத் தகாத சிற்பம் என்பது இதனால்தான்.

மட்டையை மட்டும் மெருகேற்றாமல் 120லேயே விட்டுவிட்டேன். பல்லுளித் தடம் அப்படியே நார் மாதிரி நிற்கிறது. களிமண் நரம்பு இரண்டாவது கண்ணுக்கு மேலே மட்டையோடு மட்டையாக ஓடுகிறது.

ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு. வடை, பாயசம் எல்லாம் முடிந்த பிறகு மெழுகு பூசித் துடைத்துக் கிழக்கு ஜன்னலில் நிறுத்தினேன். உள்ளே விளக்குப் பொருத்தச் சொல்லி வகுப்பில் எல்லோரும் வற்புறுத்தினார்கள். மாட்டேன். மின்விளக்கு ஒரே மாதிரி எரியும், கல் கடைச் சரக்காகிவிடும். ஜன்னலில் வைத்தால் மேகம் வந்தால் மங்கும், போனால் தெளியும். பகல் முழுக்கப் பார்க்க வேலை இருக்கும்.

பெரியப்பாவுக்குக் காணொளி அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“மூன்று கண்ணையும் திறந்துவிட்டாய். நல்ல நேரம் பார்த்தாயா?”

“நுங்குக்கு நேரம் எதற்குப் பெரியப்பா?”

“மூக்கு இல்லாத பொருளாகப் பார்த்துப் பிடித்துவிட்டாய், கெட்டிக்காரி” என்றார். பாராட்டா, என் தந்திரத்தைக் கண்டுகொண்டாரா என்று பிரித்தறிய முடியவில்லை. அடுத்து ஒரு முகம் செய், பார்க்கலாம் என்று சவாலும் விட்டார்.

பீடம் இன்னும் இல்லை. வெள்ளைக்கு அடியில் கறுப்பு வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். மாமல்லபுரத்திலிருந்து கருங்கல் பீடம் ஒன்றை அனுப்புகிறாராம். விசாரித்துப் பார்த்தேன். கப்பல் கூலி, நான் அலபாஸ்டருக்குக் கொடுத்த விலையைவிட அதிகம்.