'லைக்' என்ற சொல்லைத் திருத்திய நாள்கள்

மொழித் தரவுப் பிரிவில் சேர்ந்தவுடன் எனக்குக் கிடைத்த பணி, ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலின் ஒவ்வொரு சொல்லுக்கும் கணினி இட்டிருந்த, பெயர், வினை என்பன போன்ற சொல்வகைக் குறியைச் சரிபார்ப்பது. வகைவாரியாகப் பிரித்து, எத்தனை முறை வருகிறது என்ற வரிசையில் அடுக்கியபோது, வினைச்சொற்களின் மேலிடங்களில், ஆங்கிலத்தில் 'விரும்பு' என்றும் 'போல' என்றும் பொருள்தரும் 'லைக்' (like) இருந்தது. விருப்பத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாவல் இது அல்லவே என்று ஐயுற்று வரிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலான இடங்களில் அது கடலையும் கப்பலையும் மனிதர்களையும் வேறொன்றோடு ஒப்பிடும் 'போல' என்ற உவம உருபுதான். திருத்தி முடிக்க மூன்று நாள் பிடித்தது. வினைப் பட்டியலில் அது எங்கோ கீழே இறங்கிவிட, உவமையின் மீது மெல்விலுக்கு இருந்த தீராத காதல் எண்ணாகவே கண்முன் நின்றது.

ஒரு சொல் வரும் எண்ணிக்கை, அதிகம் வரும் சொற்களின் வரிசையில் அதன் இடத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிப்ஃப் விரிவாகக் காட்டினார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசீஸ்' நாவலில் பத்தாமிடச் சொல் 2,653 முறையும், நூறாமிடச் சொல் 265 முறையும், ஆயிரமாமிடச் சொல் 26 முறையும் வருகின்றன. ஆனால் இந்த ஒழுங்கு எல்லாச் சொற்களையும் கலந்து எண்ணும்போது தெரிவது. வகை பிரித்தால் உருவமே மாறுகிறது. பெயருக்கு முன் வந்து வேற்றுமை உருபு போல நிற்கும் முன்னிடைச்சொற்களில் 'ஆஃப்' (of), 'இன்' (in), 'டு' (to) போன்ற சிலவே பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, பட்டியல் சில பத்துகளில் முடிந்துவிடும். பெயர்ச்சொற்களோ மெல்லச் சரிந்து, ஒரே ஒருமுறை வரும் சொற்களின் நீண்ட வாலில் போய்ச் சேரும். 'மோபி டிக்'கில் திமிங்கிலத்தைக் குறிக்கும் 'வேல்' (whale) என்ற பெயர்ச்சொல் ஆயிரம் முறைக்கு மேல் வந்து, 'தி', 'அண்ட்', 'ஆஃப்' போன்ற இலக்கணச் சொற்களின் கூட்டத்துக்குள்ளேயே இடம்பிடித்துவிடுகிறது. கதைப்பொருள் அவ்வளவு கனமானது.

இலக்கணச் சொற்களை முதலிலேயே நீக்கிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். நானும் அவ்வாறே பல நாவல்களை நீக்கித் தந்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். நாவலின் பாதியளவு பரப்பு அச்சொற்களால் ஆனது. ஜேன் ஆஸ்டினின் கதைமாந்தர்களை, அவர்கள் பேச்சில் இத்தகைய எளிய சொற்கள் வரும் விகிதத்தைக் கொண்டே பிரித்தறியலாம் என்று இலக்கிய ஆய்வாளர் ஜான் பரோஸ் 1987இல் நிறுவியதைப் பிறகுதான் படித்தேன். அன்று நீக்கியவற்றை மூலக்கோப்புகளிலிருந்து மீட்டு, வகைவாரியாக மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறேன். இப்போது 'ஆஃப்' என்ற சொல்லின் எண்ணிக்கை நடக்கிறது.