55 சென்டிமீட்டர்

படித்த கல்லூரிக்கே கூடைப்பந்து கோச்சாக வந்து ஆறு மாதம் ஆகிறது. 2004 முதல் 2007 வரை இங்கே சென்டராக, அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கிறவனாக ஆடினேன், கடைசி வருடம் கேப்டன். அதன்பிறகு பல வருடம் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பந்தைத் தட்டுவது, ஓடுவது, நிற்பது, அவ்வளவுதான். பழைய கோச் சார் ஓய்வு பெற்று அந்த இடம் காலியானதும் என்னைக் கூப்பிட்டார்கள். யோசிக்கவே இல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். கோர்ட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் ரிங்குக்குக் கீழே, ஆட்கள் அதிகம் மிதிக்கிற இடத்தில், பெயின்ட் தேய்ந்து அடியில் இருந்த பழைய வெள்ளைக்கோடு சாய்வாக எட்டிப்பார்த்தது. அதில் போய் நின்றேன். போர்டுக்கு முதுகைக் காட்டி, முட்டியை மடக்கி, பந்து கேட்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கண்ணை மூடிக்கொண்டாலும் ரிங் எங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.

தப்பு ஆரம்பித்ததும் அங்கேதான்.

அணியில் இரண்டாம் வருடப் பையன் ஒருவன் இருக்கிறான். 193 சென்டிமீட்டர் உயரம், பெரிய கை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டான். அவனைப் பார்த்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. தினமும் பிராக்டிஸ் முடிந்ததும் அரைமணி நேரம் அவனை மட்டும் தனியாக நிறுத்திவைத்தேன். இங்கே நில், இடது கால் இங்கே, தோளால் ஆளை உணர், பந்தைத் தரையில் ஒரு தட்டு, அதாவது ஒரு டிரிபிள், காலைப் பின்னால் போட்டுத் திரும்பு, போடு. நானே செய்து காட்டினேன். எனக்கு விழுந்தது. அவன் போட்டால் பத்துக்கு ஏழு ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது.

மணிக்கட்டு மடங்கவில்லை என்றேன், மடக்கினான். முழங்கை வெளியே போகிறது என்றேன், உள்ளே வைத்தான். முட்டியை இன்னும் மடக்கு என்றேன். எல்லாவற்றுக்கும் "சரி சார்". இரண்டு வாரம் போனது. ஷாட் இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

எங்களுக்குள்ளேயே ஒரு பிராக்டிஸ் மேட்ச் வைத்திருந்தோம். பெஞ்சில் ஸ்கோர் ஷீட் எழுதிக்கொண்டிருந்த பொடியன், வெளியே நின்று பந்தைக் கொண்டுவரும் கார்டுகளில் மூன்றாவது ஆள், என்னிடம் கேட்டான்: "சார், அவன் ஏன் வெளிய போய் நிக்கிறான்?"

"ரிங்குகிட்ட ஆடுற போஸ்ட் அங்கதான்ப்பா நிக்கணும்."

"லைன் இங்க இருக்கு சார்." எழுந்து போய் புதுக்கோட்டின் மேல் கால் வைத்துக் காட்டினான்.

ரிங்குக்குக் கீழே மூன்று செகண்ட் ஏரியா என்று ஒன்று உண்டு, பந்து வைத்திருக்கும் அணியின் ஆள் அதற்குள் மூன்று செகண்டுக்கு மேல் நின்றால் விசில். நான் ஆடிய காலத்தில் அது சரிவகம் மாதிரி, கீழே வர வர விரியும். எண்ட்லைனில், அதாவது ரிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோட்டில், அதன் அகலம் 6 மீட்டர். 2010இல் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா அதை எடுத்துவிட்டுச் செவ்வகமாக்கியது, அகலம் 4.9 மீட்டர். அதே வருடம்தான் மூன்று பாயிண்ட் கோடும் 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குத் தள்ளிப் போனது. இதெல்லாம் தெரியாதவன் இல்லை நான், யாராவது கேட்டிருந்தால் அளவோடு சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பையனை நிறுத்தியது நான் படித்த விதி இல்லை, என் கால். பழைய கோட்டுக்கும் புதுக்கோட்டுக்கும் எண்ட்லைனில் ஒரு பக்கத்துக்கு 55 சென்டிமீட்டர் வித்தியாசம். அன்று சாயங்காலம் டேப் வைத்து அளந்தே பார்த்தேன்.

போஸ்ட் ஆடுகிறவனுக்கு 55 சென்டிமீட்டர் என்றால் முழுசாக ஒரு டிரிபிள். புதிய கோட்டை ஒட்டிப் பந்தை வாங்கினால், காலைப் பின்னால் போட்டுத் திரும்பும்போதே ரிங்குக்குப் பக்கத்தில் வந்துவிடுவான். பந்து தரையைத் தொட வேண்டியதே இல்லை. பழைய இடத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டியே ஆக வேண்டும். அந்த ஒரு தட்டுக்குள் எதிரணிக் கார்டு குனிந்து வந்து கீழேயிருந்து பந்தைப் பறித்துவிடுவான். அவனுக்குப் பயந்து அவசரமாகத் திரும்பினால் ஷாட் குட்டையாகத்தான் விழும். நாங்கள் அங்கே நின்று பழகியதற்குக் காரணம் மூன்று செகண்ட் விசில். அதற்காக வளர்த்துக்கொண்ட பழக்கத்தைக் கலை என்று நினைத்துக்கொண்டு அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவன் மணிக்கட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறையே இல்லாத கையை இரண்டு வாரம் திருத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

"ஏன்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்."

டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகிற வழியில் எங்கள் 2006 அணியின் போட்டோ மாட்டியிருக்கிறது. நடுவில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். அவன் தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறான்.

அதற்கப்புறம் என் வாயிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன். நாங்கள் போட்ட பந்து எதிரணி ரிங்கில் பட்டுத் திரும்பி, அதை நம் ஆளே எடுத்தால், "அவசரமில்ல, வெளிய எடு, செட் பண்ணு" என்று கத்துவேன். எங்கள் காலத்தில் ஷாட் போட வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரம் மறுபடி 24 செகண்டிலிருந்து ஓடும். 2014இலிருந்து ஃபிபா ஆட்டத்தில் அது 14 செகண்ட்தான். வெளியே எடுத்து நிதானித்தால் பாதி நேரம் போயே போச்சு. பையன்கள் பந்தைப் பிடித்துக்கொண்டே கூடுதலாக ஒரு எட்டு வைத்தால் "டிராவல்", பந்தோடு அதிகமாக நடந்துவிட்டாய் என்று விசில் ஊதுவேன். ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும் அந்த எட்டை 2017இலிருந்து கணக்கில் சேர்ப்பதில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பேட்ரிக் யூவிங்கைப் பற்றி இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நானும் சென்டர் என்பதால் அவர்மேல் தனிப் பிரியம். 1984இல் தான் படித்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்தவர், 2017இல் அங்கேயே தலைமைக் கோச்சாகத் திரும்பினார். 2021இல் அவர் அணி, அது ஆடும் கல்லூரி லீக்கான பிக் ஈஸ்ட் நடத்திய போட்டியை ஜெயித்தது. அடுத்த சீசனில் அதே பிக் ஈஸ்ட் லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 2023இல் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் எங்கே தவறினார் என்று சொல்ல நான் யார்? பேரை வைத்து ஒரு பையனைக் கோர்ட்டுக்கு வரவழைக்கலாம், வந்தபிறகு அவனுக்கு என்ன கொடுக்கிறோம் என்பது தனி வேலை. இவ்வளவுதான் எனக்குப் புரிகிறது.

இப்போது நான் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டேன். கோர்ட்டுக்குள்ளே போவதில்லை, எண்ட்லைனுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். முதல் இருபது நிமிடம் பந்தைக் கையில் எடுப்பதே இல்லை. என் கைக்குப் பந்து வந்துவிட்டால் வாய் பழைய ஆட்டத்தைப் பேச ஆரம்பித்துவிடுகிறது. ஸ்கோர் எழுதுகிற அந்தப் பையனை டைம் அவுட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். "நீ பாத்தத சொல்லு" என்பேன். ஆரம்பத்தில் தயங்கினான், இப்போது நான் கேட்பதற்கு முன்பே சொல்கிறான். "மூணாம் நம்பர் வலதுபக்கம் மட்டுந்தான் போறான் சார்" என்று போன வாரம் அவன் சொன்னது அப்படியே சரியாக இருந்தது.

அந்த உயரமான பையனுக்கு மணிக்கட்டைப் பழையபடி ஆக்குவது சுலபமாக இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவே மூன்று வாரம் பிடித்தது. புதுக்கோட்டில் நின்று டிரிபிளே இல்லாமல் வலதுபக்கம் திரும்புவது இப்போது நன்றாக வருகிறது. இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் தோளைச் சீக்கிரம் காட்டிவிடுகிறான், தடுப்பவன் படித்துவிடுகிறான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நேற்று பிராக்டிஸ் முடிந்து கிளம்பும்போது அவனாகவே வந்து, "சார், நாளைக்கு லெஃப்ட் டர்ன் மட்டும் பண்ணலாமா?" என்று கேட்டான். ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.