கேட்காமல் விட்ட குரல்

ஜூன் 4
தோழி போய்ப் பதினொரு நாள் ஆகிறது. அவள் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு போனில் அப்படியே கிடக்கிறது. நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. வந்த அன்றே பார்த்தேன். நீளமாக இருக்கிறதே, சாவகாசமாகக் கேட்கலாம் என்று விட்டேன். ஆறு வாரம் விட்டிருக்கிறேன். இப்போது தொடவே பயமாக இருக்கிறது.

ஜூன் 7
தூக்கம் வரவில்லை. "நானும் ஒருநாள் சாவேன்" என்று சொல்லிப் பார்த்தேன். மனம் அசையவே இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பிறகு என் வலது கையைப் பார்த்து, "இந்தக் கை அசையாது" என்றேன். அடிவயிறு கலங்கிவிட்டது.

1896இல், பதினாறு வயதில், திடீரென்று மரண பயம் வந்தபோது ரமணர் ஓடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கிப் பிணம்போலப் படுத்து, சாவது எது என்று கவனித்தார். அவர் கண்டது எனக்கு எட்டாது. ஆனால் அவர் ஏன் படுத்துப் பார்த்தார் என்பது இன்று கொஞ்சம் புரிந்தது.

ஜூன் 8
நாள் முழுக்க அதே நினைப்பு. மகனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பயத்தோடு நினைத்தால் இப்படித்தான் போலிருக்கிறது.

ஜூன் 13
ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியை நினைத்துக்கொண்டிருந்தேன். 1849 டிசம்பர் 22, அவருக்கு 28 வயது. சுட்டுக்கொல்ல நிறுத்திவிட்டார்கள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியாயிற்று, அடுத்த வரிசையில் அவர். கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டது. எவ்வளவு காலத்தை வீணாக்கிவிட்டேன் என்று அன்றே அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அதே மனிதர்தான் 1860களில் சூதாட்ட மேசையில் பணத்தையெல்லாம் தொலைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவருக்கே அந்தத் தெளிவு நிலைக்கவில்லை என்றால், நான் தினமும்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 14
காலம் குறைவு என்று உணர்கிறவர்கள் புதுப்புது அறிமுகங்களைத் தேடாமல் நெருங்கியவர்கள் பக்கமே திரும்புகிறார்கள் என்கிறார் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். முதியவர்கள் மட்டுமல்ல, இளைஞர்களும் அப்படித்தானாம். படித்ததும் போனை எடுத்தேன். மறுபடி வைத்துவிட்டேன்.

ஜூன் 19
கேட்டுவிட்டேன்.

உதவி கேட்டிருப்பாளோ, விடைபெற்றிருப்பாளோ என்றுதான் இத்தனை நாள் நடுங்கினேன். எதுவுமில்லை. நடந்துகொண்டே பேசுகிறாள், மூச்சு வாங்குகிறது. "என்னமோ சொல்ல வந்தேன்டி, மறந்துபோச்சு" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை மட்டும் மூன்று முறை கேட்டேன்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் ஆற்று வெள்ளத்தில் நீந்திக் கரையேறிய கதையை ஆரம்பித்தார். வழக்கமாக, "தெரியும்ப்பா, சொல்லியிருக்கீங்க" என்பேன். இன்று, "தண்ணி எவ்வளவு ஆழம்ப்பா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தெரியலைம்மா. கால நீட்டிப் பார்த்தேன், தரை தட்டலை. இதை யாருமே கேட்டதில்ல. இரு, முதல்லேர்ந்து சொல்றேன்."