6 மைக்ரோன் துடிப்பும் கொழும்பின் ஈரக்காற்றும்

புரதங்கள் அகச்சிவப்பை உறிஞ்சும் அமைட்-1 பட்டை 1600 முதல் 1700 செ.மீ⁻¹ (ஒரு செ.மீ.க்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) வரை இருக்கிறது. அதைத் தொட 6 மைக்ரோன் அலைநீளத்தில் 100 பெம்டோசெக்கன் (செக்கனைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்த ஒரு பங்கு) நீள லேசர் துடிப்பு வேண்டும். 1595 செ.மீ⁻¹ஐ மையமாகக் கொண்ட நீராவிப் பட்டையும் அதே இடத்தில்தான் பரந்து கிடக்கிறது. கொழும்பில் 28 பாகை, 80 சதவீதச் சாரீரப்பதன் என்பது சாதாரண நாள். அன்று ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். ஏசி போட்டு 24 பாகை, 55 சதவீதத்துக்கு இறக்கினாலும் 12 கிராம் மிஞ்சும். ஆகவே இங்கே அகச்சிவப்புத் துடிப்பு வேலை தொடங்குபவர்கள் துடிப்பை வடிவமைக்கும் கருவிக்குக் காசு ஒதுக்க முன்னரே உலர்காற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

நீராவி வெறுமனே சக்தியைக் குறைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதன் கோடுகள் ஒவ்வொன்றும் 0.2 செ.மீ⁻¹ அளவே அகலமானவை. அவ்வளவு ஒடுங்கிய கோடு உறிஞ்சினால், துடிப்புக்குப் பின்னால் பல பத்துப் பிக்கோசெக்கன் நீளத்துக்கு வால் முளைக்கும். 4 செ.மீ⁻¹ பிரிதிறன் கொண்ட வடிவமைப்பி 8 பிக்கோசெக்கன் அளவுக்குள்தான் எதையும் செய்யும். அந்த வாலைத் தொடவே முடியாது. பாதை முழுவதையும் பெட்டியால் மூடி, பனிபடுநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) −40 பாகைக்குக் கீழுள்ள உலர்காற்றை ஓடவிடுவதுதான் வழி. 4.26 மைக்ரோனில் வேலை செய்பவர்களுக்குக் காபனீரொட்சைட்டும் இதே தொல்லையைத் தரும். மேசைக்கு மேலே குனிந்து மூச்சுவிட்டாலே நிறமாலையில் தெரியும்.

துடிப்பை உண்டாக்குவதில் எனக்கு முக்கியமாகப் படுவது வெள்ளொளி, அதாவது பின்னர் பெருக்குவதற்கான பலநிற விதை. 800 நனோமீற்றர் கற்றையில் 1 மைக்ரோயூல் அளவைப் பிரித்து, 2 அல்லது 3 மி.மீ. தடிப்பான சஃபயர்த் தட்டில் குவிக்க வேண்டும். முதலில் கற்றைப் பாதையிலுள்ள துவாரத்தைச் சுருக்கி வையுங்கள். பிறகு சக்தியை மெல்ல ஏற்றுங்கள். கடதாசியில் வட்டமான வெள்ளைப் பொட்டும் சுற்றி நிற வளையமும் அசையாமல் நின்றால் ஒரே இழை (ஒளி தானாகக் குவிந்து ஓடும் ஒடுங்கிய பாதை) உண்டாகியிருக்கிறது. பொட்டு மணல்மணலாகி உள்ளே நடுங்கினால் இழை பிளந்துவிட்டது, சக்தி கூடிவிட்டது. அப்போது துவாரத்தைத் திறந்து பிரகாசத்தைக் கூட்டப் பார்ப்பது பெரும் பிழை. இங்கே 1 சதவீதம் ஆடினால் அடுத்த கட்டங்களில் அது பெருகித்தான் வரும்.

அந்த வெள்ளொளியை விதையாக வைத்து பிபிஓ (பேரியம் போரேட்) பளிங்கில் நடக்கும் பராமெற்றிக் பெருக்கத்தில் 800 நனோமீற்றர் ஃபோட்டோன் இரண்டாகப் பிரிகிறது. 6 மைக்ரோன் வேண்டுமென்றால் அவை 1412, 1846 நனோமீற்றரில் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் சில்வர் காலியம் சல்பைட் பளிங்கில் சேர்த்தால் வேறுபாட்டு மீடிறனாக, அதாவது இரண்டின் மீடிறன் வித்தியாசமாக, 6 மைக்ரோன் கிடைக்கும். நேரப் பொருத்தம் தவறினால் ஒன்றுமே வராது: போய்த் திரும்பும் பாதையில் கண்ணாடியை 15 மைக்ரோன் நகர்த்தினால் 100 பெம்டோசெக்கன் மாறிவிடும். இந்தப் பளிங்கு எளிதில் சேதப்படும் என்பதால், சமிக்ஞை மங்கலாக இருக்கிறதே என்று குவியத்தை இறுக்க வேண்டாம்.

பிபிஓ ஈரத்தை மெல்ல இழுக்கும்; மேற்பரப்பு புகைபடியும். லேசர் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் பளிங்கின் சூடாக்கி ஓடிக்கொண்டிருக்கட்டும். கற்றை கடக்கும் ஜன்னல்களுக்குக் கல்சியம் புளோரைட் போதும். உப்புக் கண்ணாடிகளை இந்த ஊரில் வெளியே எடுக்கவே கூடாது.

மின்வெட்டுதான் பெரிய ஆபத்து. குளிர்நீர்க் கருவி யூபிஎஸ்ஸில் 18 பாகையில் ஓடிக்கொண்டிருக்க, ஏசி நின்றுவிட்டது என்று வையுங்கள். 24 பாகை, 55 சதவீதத்தில் பனிபடுநிலை 14 பாகைதான். வெளிக்காற்று உள்ளே வந்ததும் அது 24ஐ எட்டும். நீர் ஓடும் ஒவ்வொரு உலோகப் பிடியிலும் துளி கட்டும். ஏசியும் குளிர்நீர்க் கருவியும் ஒன்றாகவே நிற்கும்படி இணைப்பைப் போடுங்கள். நிரந்தரமாக ஓடுவதென்றால் பனிபடுநிலை உணரியோடு கட்டுப்படுத்தியை வையுங்கள். சக்தி பத்துப் பதினைந்து நிமிடத்துக்கொரு தடவை ஏறி இறங்கினால், லேசரைத் திருக முன்னர் ஏசி கொம்ப்ரசரின் சுற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் கரையோர ரயில்பாதைக்கு அருகே என்றால் மேசைக்கு அதிர்வைத் தடுக்கும் காற்றுக் கால்கள் கட்டாயம்.

துடிப்பை வடிவமைக்க நான் ஜேர்மானியம் என்ற மூலகத்தாலான ஒலி-ஒளிப் பண்பேற்றியையே (ஒலியலையால் ஒளியை மாற்றும் பளிங்கை) தேர்வேன். கிரேட்டிங் (நுண்வரித் தட்டு) நிறங்களை விரிக்கும். வளைகண்ணாடி அவற்றை 5.5 செ.மீ. நீளப் பளிங்கின் மேல் பரப்பும். 75 மெகாஹேட்ஸ் ஒலியலை ஒவ்வொரு நிறத்தின் வீச்சையும் கட்டத்தையும் (அலை ஏறி இறங்கும் நிலையையும்) மாற்றும். ஜேர்மானியத்தில் ஒலி மைக்ரோசெக்கனுக்கு 5.5 மி.மீ. செல்வதால் பளிங்கு 10 மைக்ரோசெக்கனில் நிரம்பும். 1 கிலோஹேட்ஸ் லேசரில் துடிப்புக்கொரு புதிய முகமூடி (ஒலியலையின் வடிவம்) போடலாம். ஆனால் ஒலியலை லேசரோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். 1 நனோசெக்கன் தடுமாற்றமே கட்டத்தை 27 பாகை நகர்த்தும். ஒலி போகப் போகத் தேயும், அதையும் முகமூடியில் ஈடுசெய்ய வேண்டும்.

கல்சியம் புளோரைட்டும் ஜேர்மானியமும் இங்கே எதிரெதிர்த் திசையில் துடிப்பை நீட்டுபவை. பெரும்பகுதியைத் தட்டுகளாலேயே சமன்செய்துவிட்டு மிச்சத்தைப் பண்பேற்றியிடம் விடுங்கள். அளவுத்திருத்தத்துக்கு 1 பிக்கோசெக்கன் இடைவெளி கொண்ட இரட்டைத் துடிப்பைப் பண்பேற்றியிடம் கேளுங்கள். நிறமாலையில் வரிகள் 33.4 செ.மீ⁻¹க்கு ஒன்றாக, பட்டை முழுவதும் சீராக நிற்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் நெருங்கினால், ஒலியலையின் நேரத்தை ஒளியின் மீடிறனாக மாற்றும் உங்கள் சமன்பாட்டில் இரண்டாம் படி உறுப்பு விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.