சந்திரனுக்குப் போக ஏன் 40 நாள்?

சுற்றுப்பாதை, அண்மைப் புள்ளி, சேய்மைப் புள்ளி, விடுபடு வேகம் என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும். எனக்குத் தெரிந்த சுலபமான வழி, ஏதாவது ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு அது போன பாதையிலேயே கூடப் போவதுதான். சந்திரயான்-3 இதற்கு ரொம்ப வசதி, ஏனென்றால் அது நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போனது, பாடத்தில் வரும் சொற்களில் முக்கால்வாசி அந்தச் சுற்றிலேயே வந்துவிடும்.

2023 ஜூலை 14, மதியம் 2:35. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ராக்கெட் கிளம்பியது. டிவியில் பார்த்தவர்களுக்கு நேராக மேலே போன மாதிரிதான் தெரிந்திருக்கும், ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அது கிழக்குப் பக்கம் சாய ஆரம்பித்துவிடும். எரிபொருளில் பெரும்பகுதி செலவாவது உயரத்துக்கு இல்லை, பக்கவாட்டு வேகத்துக்கு. அந்த வேகம் இல்லாவிட்டால் எவ்வளவு உயரம் போனாலும் திரும்பி விழ வேண்டியதுதான். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. பிறகு எப்படி மிதக்கிறார்கள் என்றால், நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டில் நொடிக்கு ஏழரை கி.மீ.க்கும் மேல் ஓடுவதால் விழ விழ பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. 'அங்கே ஈர்ப்பு விசையே கிடையாது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, ராக்கெட் சந்திரயானைக் கொண்டுபோய் விட்டது 170 கி.மீ.க்கு 36,500 கி.மீ. என்ற நீள்வட்டப் பாதையில். செய்திகளில் இப்படி இரண்டு எண் வந்தால், சின்னது பூமிக்கு மிக அருகில் வரும் அண்மைப் புள்ளி, அதாவது பெரிஜி. பெரியது மிகத் தள்ளிப்போகும் சேய்மைப் புள்ளி, அபோஜி. இரண்டு இடத்திலும் வேகம் ஒன்றில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிஜியில் நொடிக்கு 10 கி.மீ.க்கு மேல் வருகிறது, அபோஜியில் வெறும் ஒன்றரை கி.மீ. கெப்ளரின் இரண்டாம் விதி என்று படிக்கிறோமே, அதன் வேலைதான் இது.

இதை இஸ்ரோ பயன்படுத்திக்கொண்ட விதம்தான் இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜூலை 15 முதல் 25 வரை ஐந்து முறை பாதையை மாற்றினார்கள், பெரும்பாலும் கலம் பெரிஜிக்கு வரும் சமயம் பார்த்து எஞ்சினை எரித்து. ஊஞ்சல் கீழே வந்து விசையாகப் போகும்போது தள்ளினால் நன்றாக ஏறும் இல்லையா, அதே மாதிரி வேகம் அதிகமாக இருக்கும்போது எரிக்கிற எரிபொருள்தான் அதிக ஆற்றலாக மாறும். எரிப்பது பெரிஜியில், உயர்வது எதிர்ப்பக்கம் இருக்கும் அபோஜி. அபோஜி 41,000, 51,000, 71,000 என்று ஏறி கடைசியில் 1,27,000 கி.மீ.யைத் தாண்டியது, பெரிஜி மட்டும் 170-லிருந்து 236 கி.மீ. வரைதான் வந்தது. 1969-ல் அப்பல்லோ 11 மூன்றே நாளில் நிலவின் சுற்றுப்பாதைக்குப் போனதே என்று கேட்பார்கள். அவர்களிடம் சாட்டர்ன் 5 என்ற ராட்சச ராக்கெட் இருந்தது. நம்மிடம் இருந்ததை வைத்து 3,900 கிலோ கலத்தை அனுப்ப, நாட்களைக் கொடுத்து எரிபொருளை மிச்சம் பிடித்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டி இன்னொரு எரிப்பு, அபோஜி 3,69,000 கி.மீ.க்குப் போய்விட்டது. நிலவை நோக்கிய பாதை இது. இங்கே நிறையப் பேர் 'நொடிக்கு 11.2 கி.மீ. விடுபடு வேகம் (பூமியின் ஈர்ப்புப் பிடியை விட்டே போக வேண்டிய வேகம்) வந்தால்தான் நிலவுக்குப் போக முடியும்' என்று எழுதிவிடுகிறார்கள். நிலவே பூமியின் பிடியில்தானே சுற்றுகிறது, அதுவரை போக பூமியை விட்டு முழுசாக விடுபடத் தேவையில்லை, சற்றுக் குறைவான வேகமே போதும். செவ்வாய்க்குப் போன மங்கள்யான் விடுபட்டே ஆக வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 5 அன்று நிலவுக்கு அருகில் போய் எஞ்சினை எதிர்த் திசையில் எரித்து பிரேக் போட்டார்கள். போடாவிட்டால் நிலவைக் கடந்து போய்விடும். 164 கி.மீ.க்கு 18,074 கி.மீ. என்ற பாதையில் பிடிபட்டு, அப்புறம் படிப்படியாகச் சுருங்கி, ஆகஸ்ட் 17 அன்று, அதுவரை சுமந்துவந்த உந்துகலத்திலிருந்து, நிலவில் இறங்கும் பகுதியான விக்ரம் லேண்டர் பிரிந்தது.

ஆகஸ்ட் 23 மாலை இறங்கிய அந்த 19 நிமிடம். 30 கி.மீ. உயரம், நொடிக்கு 1.68 கி.மீ. வேகம். காற்று இல்லாத இடத்தில் பாராசூட்டால் பிரயோஜனம் இல்லை, எஞ்சினை எரித்தே வேகத்தைக் கொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து ஓட்டலாமே என்றால், சிக்னல் போக 1.3 நொடி, வர 1.3 நொடி, அதனால் எல்லா முடிவையும் லேண்டரே எடுத்தது. (சிக்னல் போவது ஒளியின் வேகத்தில்தான். அந்த ஒளி சூரியனிலிருந்து நம்மிடம் வர சுமார் 8 நிமிடம் 20 நொடி. ஓர் ஆண்டில் அது போகும் தூரம் சுமார் 9.46 லட்சம் கோடி கி.மீ., அதுதான் ஒளி ஆண்டு. ஆண்டு என்று முடிந்தாலும் அது தூரம்தான், காலம் இல்லை.)

தென் துருவத்தில் இறங்கியது என்றே எல்லோரும் எழுதினார்கள். இறங்கிய இடம் தெற்கே 69 டிகிரி அட்சரேகை, துருவத்துக்கு இன்னும் 600 கி.மீ. இருக்கிறது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது தெரிந்திருக்கும். லேண்டரையும், அதிலிருந்து இறங்கி ஓடும் ரோவரையும் சோதித்துப் பார்க்க, நிலவு மேட்டுநிலத்தில் இருக்கும் அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைப்பதால் அங்கிருந்து கொண்டுபோனார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

நிலவில் ஒரு பகல் நமக்கு 14 நாள், லேண்டரின் ஆயுளும் அவ்வளவுதான். அதற்குள் மண்ணில் ஒரு வெப்பமானிக் கம்பியை இறக்கிப் பார்த்தார்கள். மேலே சுமார் 50 டிகிரி செல்சியஸ், 8 செ.மீ. கீழே மைனஸ் 10. விரல் நீள ஆழத்தில் 60 டிகிரி வித்தியாசம்! மேல்மண் அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி.

உந்துகலம் மட்டும் நிலவையே சுற்றிக்கொண்டிருந்தது. எரிபொருள் மிச்சம் இருந்ததால் அக்டோபர் 13 அன்று அதைப் பூமிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். நவம்பர் 22 அன்று அது தன் முதல் பெரிஜியைக் கடந்தபோது உயரம் 1.54 லட்சம் கி.மீ. ஏன் அவ்வளவு தள்ளி என்றால், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் டிவி, தகவல்தொடர்பு செயற்கைக்கோள்கள் நெருக்கியடித்துச் சுற்றுகின்றன, அந்தப் பக்கமே அது வரக்கூடாது.