இடப்பக்கம், வலப்பக்கம்

செப்டம்பர் 19
குதிகால் ரெண்டும் சரி. வால் எலும்புக்கு மேலே அந்த இடத்தில்தான் படுக்கைப் புண் வருமோ என்று பயம். அழுத்திப் பார்த்தேன், நிறம் மாறவே இல்லை. அப்பாவுக்குக் கறுத்த தோல், சிவப்பெல்லாம் தெரியாது. தொட்டால் சூடு, கொஞ்சம் கெட்டி.

செப்டம்பர் 20
மக்களைத் தேடி மருத்துவம் சிஸ்டர் வந்தார். "2021ல நம்ம மாவட்டத்துல, சாமனப்பள்ளியிலதாம்மா இதை ஆரம்பிச்சாங்க" என்று பெருமை. பார்த்ததும், "முதல் நிலை. தோல் கிழியல. பாரத்தை எடுத்தா சரியாயிடும்" என்றார். 2 மணிக்கொரு தரம் திருப்பணும். முழுசாகப் பக்கவாட்டில் போட்டால் தொடை எலும்பு முட்டும். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி 30 டிகிரி சாய்வு போதும். தலைமாட்டையும் அதற்கு மேல் தூக்காதே, உடம்பு வழுக்கும், உள்ளே சதை இழுபடும் என்றார்.

செப்டம்பர் 21
பெரியப்பா காவேரிப்பட்டணத்திலிருந்து காற்றடிச்ச ரப்பர் வளையம் வாங்கி வந்தார். நடுவில் பாரம் இல்லை சரி, சுற்றிலும் நெரித்து ரத்தத்தை நிறுத்துமே! பரண்மேல் ஏற்றிவிட்டேன். முகம் சுண்டிப்போச்சு அவருக்கு. எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் விடவில்லை.

செப்டம்பர் 22
2, 4, 6. தூக்கம் என்றால் என்ன?

செப்டம்பர் 24
புரட்டாசி. முட்டை கிட்டே வராது. புண் ஆற கிலோவுக்கு 1.25லிருந்து 1.5 கிராம் புரதம் வேணுமாம். அப்பா 60 கிலோ, அப்படியென்றால் 75 கிராமாவது. களியும் கீரையும் போதும் என்கிறார். போதாதுப்பா! பச்சைப்பயறு, தயிர், பால், வேர்க்கடலை, மொச்சை என்று கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன். பெருமாள் கோபித்தாலும் பரவாயில்லை என்று ராத்திரி தோன்றியது. சொல்லவில்லை. மொச்சைக் குழம்பு பாதி அப்படியே மிச்சம்.

செப்டம்பர் 26
தோல் உரிந்துவிட்டது. நான் கடைக்குப் போன நேரம், அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்திருக்கிறார்கள். போர்வையோடு தூக்கணும் என்று எத்தனை தடவை!
"காத்தாட விடு, காயட்டும்" என்கிறார் அப்பா, தெருவே அதைத்தான் சொல்கிறது. 1962லேயே ஜார்ஜ் வின்டர் என்கிற ஆராய்ச்சியாளர் பன்றித் தோலில் பார்த்துவிட்டார்: ஈரம் போகாமல் மூடிய காயத்தில் புதுத்தோல் சீக்கிரம் படர்ந்தது. சலைனில் கழுவி மூடினேன். மஞ்சள் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், நல்ல திசுவையும் அது சேர்த்துக் கொல்லும்.

செப்டம்பர் 27
குதிகால். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை, குதிகால் அந்தரத்தில். ரெண்டும் சரி.

செப்டம்பர் 30
சீழ் இல்லை, வாடை இல்லை. ஓரத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் மெல்லிசாக ஏதோ. போட்டோ எடுத்து சிஸ்டருக்கு அனுப்பினேன். "நல்லா வருதும்மா." அதையே மூணு தடவை படித்தேன்.

அக்டோபர் 1
கரண்ட் இல்லை. ஏர் பெட் மோட்டார் நின்று, மெத்தை தட்டையாகிவிட்டது. அது ஓடினாலும் திருப்பத்தான் வேணும், இப்போ கேட்கவே வேணாம். 2 மணி ஆகப்போகிறது, தம்பி ஓசூரிலிருந்து இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடணும்.